'காகஸ் கே ஃபூல்' தோற்ற பிறகு குரு தத் படம் இயக்கினாரா, இல்லையா?

ஜூன் 2, இரவு 9.10 (கேள்வி)

குரு தத் தயாரித்த 1962 இந்திப் படம் 'சாஹிப் பீபி அவுர் குலாம்'. அதில் இயக்கம் அப்ரார் ஆல்வி என்று போட்டிருக்கிறது. அது வெறும் பெயர்தான், முழுக்க இயக்கியது குரு தத் என்பது என் கட்சி. 17 கோடி நஷ்டம் பார்த்த மனுஷன் மறுபடி தன் பெயரைப் போடுவாரா? மறுப்பு உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

ஜூன் 2, இரவு 10.45

முதலில் அந்த 17 கோடியைத் தூக்கிப் போடுங்கள். இணையத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே பரவிய எண் அது. 1960இல் வந்த 'முகல்-ஏ-ஆஸம்', அதுவரை இந்தியாவில் எடுத்ததிலேயே அதிகச் செலவு பிடித்த படம் என்று பேசப்பட்டது. அதன் மொத்தச் செலவே ஒன்றரைக் கோடி என்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த கறுப்பு வெள்ளைப் படம் 17 கோடியை எங்கிருந்து இழக்கும்? படம் படுதோல்வி என்பது மட்டும் உண்மை.

இரண்டாவது, அவர் இயக்குநர் என்று பெயர் போட்டவை எட்டுப் படங்கள். 'பாஸி' 1951, 'ஜால்' 1952, 'பாஸ்' 1953, 'ஆர் பார்' 1954, 'மிஸ்டர் அண்ட் மிஸஸ் 55' 1955, 'சைலாப்' 1956, 'ப்யாசா' 1957, 'காகஸ் கே ஃபூல்' 1959. ஒன்பது வருடத்தில் எட்டு. 'சைலாப்' எல்லோரும் மறந்துவிடுகிற படம், மறக்கலாம், பாதகமில்லை.

மூன்றாவது, தன் தயாரிப்பை வேறொருவர் கையில் கொடுப்பது தோல்விக்குப் பின் வந்த பழக்கம் இல்லை. 1956இலேயே 'சி.ஐ.டி.' படத்தைத் தன் உதவியாளர் ராஜ் கோஸ்லாவிடம் கொடுத்துவிட்டார். 1960இல் 'சௌத்வீன் கா சாந்த்' எம். சாதிக் கைக்குப் போனது. ஆல்வி அந்த வரிசையில் அடுத்தவர். ஆக, 'பயந்து ஒளிந்தார்' என்பதில் பாதிதான் உண்மை. 1959க்குப் பிறகு இயக்குநராகப் பெயர் போடவில்லை என்பதுதான் அந்த உண்மைப் பாதி, அதை மறுக்கவில்லை.

ஜூன் 3, காலை 7.30

நேற்று விட்டுப்போனது. ஆல்வி 'ஆர் பார்' தொடங்கி வசனம் எழுதியவர். கராஜ் மெக்கானிக் கராஜ் பாஷையில், பஞ்சாபி முதலாளி பஞ்சாபி வாடையோடு பேசுவது அந்தப் படத்தில்தான் பளிச்சென்று தெரியும். அதுவரை இந்திப் படத்தில் ரிக்‌ஷாக்காரரும் கவியரங்கத்தில் பேசுவதுபோல உருது பேசிக்கொண்டிருந்தார். 'சாஹிப் பீபி'யில் ஜமீன் வீட்டு ஆட்களும் பிரம்ம சமாஜ வீட்டுப் பெண்ணும் பேசும் விதத்தில் உள்ள வித்தியாசம் ஆல்வியின் காதிலிருந்து வருவது. அந்தப் படத்துக்குச் சிறந்த இயக்குநர் ஃபிலிம்ஃபேர் விருதும் அவர் பெயருக்கே போனது.

பாட்டுகளைப் படமாக்கியது குரு தத் என்று ஆல்வியே பிறகு சொல்லியிருக்கிறார். இதை வைத்துத்தான் பேச வேண்டும்: பாட்டு ஒருவர், மற்றது ஒருவர்.

ஜூன் 3, பிற்பகல் 1.15

"பாட்டை மட்டும் எடுத்தால் இயக்குநரா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். வேறு யாராக இருந்தாலும் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். குரு தத் விஷயத்தில் யோசிக்க வேண்டும்.

ஆளின் பயிற்சியைப் பாருங்கள். 1925 ஜூலை 9 பெங்களூரில் பிறப்பு, வளர்ந்தது கல்கத்தா. அல்மோராவில் உதய சங்கரின் நடன மையத்தில் பயிற்சி. பிறகு கல்கத்தாவில் லீவர் பிரதர்ஸில் டெலிபோன் ஆபரேட்டர். அதை உதறிவிட்டுப் புனே பிரபாத்தில் ஒப்பந்தம். 1946 'ஹம் ஏக் ஹைன்' படத்தில் அவர் வேலை நடன அமைப்பு. அதாவது கேமராவுக்குப் பின்னால் போவதற்கு முன் உடம்பை இசைக்கு அசைக்கக் கற்ற ஆள். பாட்டை எடுப்பதுதான் அவருக்கு முதலில் தெரிந்த தொழில், கதை சொல்வது பின்னால் வந்தது.

(உதய சங்கரின் 'கல்பனா' சென்னை ஜெமினியில் எடுத்தது, 1948. குரு தத் அதில் இருந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அல்மோரா மையம் 1944இல் மூடும்போதே இவர் வேறு வழி போய்விட்டார்.)

அவர் கை பட்ட பாட்டைக் கண்டுபிடிக்க நான் பார்க்கும் இடங்கள்:

பல்லவிக்கு முன் வாத்திய முன்னிசை இருக்கிறதா? அவர் அதைச் சுருக்குவார், முடிந்தால் வெட்டியே விடுவார். பேசிக்கொண்டிருக்கும் வாய் அப்படியே பாட ஆரம்பிக்கும். 'ஆர் பார்' கராஜ் பாட்டில் பேச்சு எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. இதில் ஒரு தொல்லை உண்டு. முன்னிசை இல்லாவிட்டால் நடிகருக்குச் சுருதியும் தாளமும் பிடிக்க அவகாசமில்லை, முதல் சொல்லிலேயே உதடு பிசகும். பிளேபேக்கில் முன்னால் எண்ணிக்கைத் தட்டு சேர்த்து ஓடவிட்டு, பிறகு எடிட்டிங்கில் அதை வெட்டினால்தான் தப்பலாம்.

அடுத்தது லென்ஸ். நெருக்கக் காட்சிக்கு 75 மில்லிமீட்டர், சில சமயம் 100. அன்று பலரும் 50ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் போவார்கள். 75ஐ வைத்தால் கேமரா எட்டத் தள்ளி நிற்கும், மூக்கு பெரிதாகாது, பின்னணி கரையும், கண் மட்டும் நிற்கும். குவியம் மெல்லிசு என்பதால் நடிகர் தலையை நாலு விரல்கடை முன்னே சாய்த்தாலும் ஃபோகஸ் போய்விடும். தள்ளுவண்டியில் கேமரா நகரும்போது இன்னும் மோசம். அதனால்தான் அவர் டேக் மேல் டேக் போனார் என்று நினைக்கிறேன். பிடிவாதம் ஒரு காரணம்தான், லென்ஸ் இன்னொரு காரணம்.

மூன்றாவது, வெளிச்சம் யார் மேல் விழவில்லை என்று பாருங்கள். 'சாஹிப் பீபி'யில் மினு மும்தாஜ் ஆடும் முஜ்ரா. நடுவில் ஆடுபவர் வெளிச்சத்தில், கூட ஆடும் பெண்கள் முகமே தெரியாமல் நிழலுருவாக. அந்தத் துணை நடனக்காரர்களின் தோற்றம் குரு தத்துக்குத் திருப்தியாக இல்லை, அதனால் முகத்தை இருட்டில் வைக்கும் யோசனை வந்தது என்பது மூர்த்தி சொன்ன விவரம். குறையை மறைக்கப் போய் அந்தப் பாட்டின் அழகே அதுவாகிவிட்டது.

ஜூன் 3, இரவு 8.00

மூர்த்தி யார் என்று கேட்ட தம்பிக்கு: வி.கே. மூர்த்தி, மைசூர்க்காரர். பெங்களூர் ஜெயசாமராஜேந்திரா பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு படித்தவர், வயலினும் வாசிப்பார். 'பாஸி'யில் கேமராமேன் வி. ராத்ரா, மூர்த்தி உதவியாளர். ஒரு பாட்டுக் காட்சியில் கண்ணாடிப் பிம்பத்தை வைத்து ஒரு சிக்கலான ஷாட்டை அவர் யோசனை சொல்லி எடுத்துக் காட்ட, குரு தத் அடுத்த படத்திலிருந்து அவரையே கேமராமேன் ஆக்கிக்கொண்டார். 'காகஸ் கே ஃபூல்', 'சாஹிப் பீபி' இரண்டுக்கும் ஃபிலிம்ஃபேர். 2008க்கான தாதாசாகேப் பால்கே விருது, ஒளிப்பதிவாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஜூன் 4, காலை 6.50

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. 'காகஸ் கே ஃபூல்' ஸ்டுடியோப் பாட்டில் மேலிருந்து இறங்கும் அந்த ஒளித்தூண் எப்படி? "குறும்படத்துக்கு நாங்களும் செய்து பார்க்க வேண்டும், பட்ஜெட் கிடையாது" என்கிறார்.

மூர்த்தி செய்தது: வெளியே ஒரு பெரிய கண்ணாடி, அது வெயிலைப் பிடித்து உள்ளே அனுப்பும். உள்ளே உயரத்தில் இன்னொரு பெரிய கண்ணாடி, அது வாங்கிக் கீழே திருப்பும். நடுவில் புகை. அவ்வளவுதான் சாமான்.

விளக்கு ஏன் வேண்டாம்? எவ்வளவு பெரிய ஆர்க் விளக்கானாலும் கதிர் கூம்பாக விரியும், கூரையிலிருந்து தரைக்கு வருவதற்குள் புடவை முந்தானை மாதிரி அகலும். சூரியன் தூரத்தில் இருப்பதால் கதிர் கிட்டத்தட்ட இணையாக வரும். 4 அடிக் கண்ணாடியில் பட்ட வெயில் 40 அடி போனாலும் ஓரத்தில் நாலைந்து அங்குலம்தான் மங்கி விரியும். கண் அதை உடனே 'வெயில்' என்று ஒத்துக்கொள்கிறது.

செய்முறை:

4க்கு 4 அடி முகம்பார்க்கும் கண்ணாடி இரண்டு, 5 அல்லது 6 மில்லிமீட்டர் தடிமன். மெல்லிசுக் கண்ணாடி வாங்காதீர்கள், அதன் எடைக்கே நடுவில் குழியும், கதிர் கோணிப்போய்த் தரையில் திட்டுத் திட்டாக விழும். பின்னால் முக்கால் அங்குல பிளைவுட்டை ஒட்டி, மரச்சட்டம் அடியுங்கள். சட்டத்தை இரண்டு பக்கமும் போல்ட்டில் தொங்கவிட்டு, சாய்க்கவும் திருப்பவும் வசதி வேண்டும், இறுக்க விங் நட். உள்ளே மேலே வைப்பதை இரண்டு இடத்தில் இரும்புச் சங்கிலியால் தனியாகக் கட்டுங்கள். கயிற்றை நம்பி ஆள் தலைக்கு மேல் கண்ணாடி தொங்கவிடக் கூடாது.

வெளிக் கண்ணாடியில் ஒரு ஆள், கையில் வாக்கிடாக்கி. அவருக்குக் கறுப்புக் கண்ணாடி கட்டாயம். ஷாட் இல்லாத நேரம் கண்ணாடிமேல் கறுப்புத் துணி போர்த்த வேண்டும். அந்தக் கதிர் நேராக யார் கண்ணிலும் படக் கூடாது, குறிப்பாக மேலே நிமிர்ந்து பார்க்கும் நடிகர் கண்ணில்.

எங்கே சொதப்பும்? சூரியன் 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி போல நகரும். 40 அடி தூரத்தில் ஒரு டிகிரி என்றால் தரையில் 8 அங்குலம். 30 விநாடி ஷாட்டுக்குள் ஒரு அங்குலம்தான், யாருக்கும் தெரியாது. டேக்குக்கும் டேக்குக்கும் நடுவில் டச்சப், டீ என்று இருபது நிமிடம் போனால் தூண் மூன்றரை அடி தள்ளி நிற்கும். தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள், ஒவ்வொரு டேக்குக்கும் முன் வெளிக் கண்ணாடியை அந்த அடையாளத்துக்குத் திருப்புங்கள். கதிர் ஒரு டிகிரி நகர்ந்திருந்தால் கண்ணாடியை அரை டிகிரி திருப்பினால் போதும். புதிதாகச் செய்பவர்கள் முழு டிகிரி திருப்பிவிட்டுத் தூண் எங்கே போனது என்று தேடுவார்கள். உள் கண்ணாடியைத் தொடவே வேண்டாம்.

ஜூன் 4, காலை 9.20

புகையைப் பற்றி எழுதாமல் விட்டேன். புகை இல்லையென்றால் தூண் இல்லை, தரையில் சதுர வெளிச்சம் மட்டும்தான். சாம்பிராணி போதும். அதிகம் போட்டால் இருட்டு சாம்பலாகிவிடும், தூணுக்கும் இருட்டுக்கும் வித்தியாசம் குறையும். போட்டு, விசிறி எல்லாம் அணைத்து, கதவு சாத்தி, புகை சுருள் சுருளாகத் தெரிவது நின்று சீராகப் பரவும்வரை காத்திருக்க வேண்டும். பின்னணியில் வெள்ளைச் சுவர் இருந்தால் மொத்த வேலையும் வீண், கறுப்புத் துணி கட்டுங்கள். கேமராவை ஒளி வரும் திசையைப் பார்க்க வையுங்கள், புகை அந்தப் பக்கமிருந்து பார்த்தால்தான் அதிகம் மின்னும். ஒளிக்கு முதுகு காட்டி எடுத்தால் தூண் பாதியாகச் செத்துப்போகும்.

மேகம் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. உட்கார்ந்திருங்கள்.

ஜூன் 5, இரவு 11.05

ஒளித்தூணைப் பேசும் எல்லோரும் அந்தப் படத்தின் நிஜத் தலைவலியை விட்டுவிடுகிறார்கள். அது சினிமாஸ்கோப். இந்தியாவின் முதல் சினிமாஸ்கோப் படம் இது. அதற்கு முன் தன் மனைவி கீதா தத்தை வைத்து 'கௌரி' என்ற வங்காளப் படத்தை ஸ்கோப்பில் தொடங்கிக் கைவிட்டிருந்தார். தமிழில் ஸ்கோப் வர 1973 'ராஜராஜ சோழன்' வரை ஆயிற்று.

லென்ஸ் படத்தைப் பக்கவாட்டில் பாதியாக ஒடுக்கிப் பிலிமில் பதிக்கும், தியேட்டரில் புரொஜெக்டர் லென்ஸ் இரண்டு மடங்கு விரிக்கும். கோளாறு எங்கே என்றால், அன்றைய லென்ஸ் தூரத்தில் சரியாகப் பாதி ஒடுக்கும், ஆள் கிட்டே வந்தால் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஒடுக்கும். புரொஜெக்டருக்கு இது தெரியுமா, அது பாட்டுக்கு இரண்டு மடங்கு விரிக்கும். நெருக்கக் காட்சியில் முகம் அகன்று கன்னம் உப்பித் தெரியும். அமெரிக்கக் கேமராக்காரர்கள் இதற்கு வைத்த பெயரே பொன்னுக்கு வீங்கிதான்.

75 மில்லிமீட்டரில் கண்ணைத் தேடிப் போகும் இயக்குநருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசியுங்கள். ஸ்கோப்பில் அதே 75 பக்கவாட்டில் 37 மாதிரி அகலமாகப் பார்க்கும், முகத்துக்கு இரு பக்கமும் காலி இடம் வந்து நிற்கும். அந்தக் காலி இடத்தை என்ன செய்வது? அவர் அதையே படமாக்கினார். ஆளில்லாத ஸ்டுடியோ, ஓரத்தில் ஒருவர், எதிர் ஓரத்தில் ஒருவர், நடுவே அந்தத் தூண். 'ப்யாசா'வின் நெருக்கம் இதில் இல்லை என்று குறை சொல்பவர்கள் லென்ஸைத்தான் குறை சொல்கிறார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லாத ஒன்றும் உண்டு. ஃப்ளாஷ்பேக் முடிந்த பிறகு வரும் கடைசிப் பகுதி இழுவை, அதற்கு எந்த லென்ஸையும் பழி சொல்ல முடியாது.

ஜூன் 6, காலை 8.10

டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு சோதனை. 16க்கு 9 திரையில் ஸ்கோப் படம் முழுசாக வந்தால் மேலும் கீழும் எட்டில் ஒரு பங்கு கறுப்புப் பட்டை இருக்க வேண்டும். பட்டை இல்லாமல் திரை நிறைந்திருந்தால் ஓரம் வெட்டிய பிரதி. அந்தப் பாட்டில் வெட்டுவது குரு தத்தையும் நாயகி வஹீதா ரஹ்மானையும்தான், நடுவில் புகையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆட்கள் ஒல்லியாக நெட்டையாகத் தெரிந்தால் விரிக்காமல் ஏற்றியிருக்கிறார்கள், பிளேயரில் விகிதத்தை 2.35 என்று மாற்றினால் சரியாகும்.

ஜூன் 6, மாலை 5.40

"வஹீதா ஹைதராபாத் பெண்தானே" என்று எழுதியவருக்கு: பிறந்தது நம்ம செங்கல்பட்டு. 1955 'ரோஜுலு மாராயி' தெலுங்குப் படத்தில் ஒரே ஒரு நடனத்தால் பெயர் வாங்கினார், அதன் தமிழ் வடிவம் 'காலம் மாறிப் போச்சு'விலும் ஆடினார், எம்.ஜி.ஆரின் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்திலும் ஒரு ஆட்டம். ஹைதராபாத் என்று ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், குரு தத் அவரை முதலில் பார்த்தது அங்கே. 'சி.ஐ.டி.'யில் சின்ன வேடம், பிறகு 'ப்யாசா'. பெயரை மாற்ற மாட்டேன், பிடிக்காத உடை உடுத்த மாட்டேன் என்று ஒப்பந்தம் போடும்போதே சொன்ன புதுமுகம்.

மற்ற சமாச்சாரங்களுக்கு இந்த இழையில் இடமில்லை. ஏற்கெனவே இரண்டு பதிவைப் படிக்காமல் தாண்டிவிட்டேன்.

ஜூன் 7, இரவு 9.55

'சௌத்வீன் கா சாந்த்' பற்றிக் கேட்டதற்குச் சுருக்கமாக. கறுப்பு வெள்ளைப் படம், பெரிய வெற்றி, ஸ்டுடியோவைக் கரையேற்றியது. பிறகு பாட்டை மட்டும் கலரில் எடுத்துச் சேர்த்தார்கள். அன்றைய கலர் பிலிமுக்கு வெளிச்சம் ஏராளமாக வேண்டும், விளக்கின் சூட்டில் வஹீதாவின் கண் சிவந்துவிட்டது. சென்சாரில் அந்தச் சிவந்த கண்ணே ஆட்சேபத்துக்கு உள்ளானது, பார்வை ஒரு மாதிரி இருக்கிறதாம். வாட்டேஜைத்தான் வெட்டச் சொல்லியிருக்க வேண்டும்.

இதுவும் சாதிக் பெயரில் உள்ள படம். தலைப்புப் பாட்டில் தூங்கும் முகத்தின் மேல் கேமரா போகும் விதத்தைப் பார்த்துவிட்டு வந்து யார் எடுத்தது என்று சொல்லுங்கள்.

ஜூன் 8, பிற்பகல் 2.30

முதல் கேள்விக்கு வருகிறேன், கேட்டவர் பொறுமையிழந்துவிட்டார்.

'சாஹிப் பீபி'யில் கடைசியில் வண்டியில் ஒரு பாட்டு இருந்தது, ஹேமந்த் குமார் குரலில். மீனா குமாரியின் தலை குரு தத் மடியில். படம் வெளியானதும் ஜனங்கள் அதை ரசிக்கவில்லை, ஜமீன் மருமகள் வேலைக்காரன் மடியில் படுப்பதா என்று முகம் சுளித்தார்கள். பாட்டைத் தூக்கிவிட்டு, வண்டிக்குள் இருவரும் பேசுவது மட்டும் வைத்தார்கள். மெட்டு வீணாகவில்லை, 1966 'அனுபமா'வில் வேறு வரிகளோடு ஹேமந்த் பயன்படுத்திக்கொண்டார். ஓடும் படத்திலிருந்து பாட்டை எடுத்து மாற்றிப் போடும் அதிகாரம் யாருக்கு? தயாரிப்பாளருக்கு. தயாரிப்பாளர் குரு தத்.

நீங்கள் 'ரகசிய இயக்குநர்' என்று சொல்லும் பல அடையாளம் உண்மையில் தயாரிப்பாளரின் அடையாளம். கேமராமேன் அவர் ஆள், எழுத்தாளர் அவர் ஆள், வெட்டும் மேசை அவருடையது, பாட்டை அவரே எடுக்கிறார், அந்த வேலைக்காரன் பூத்நாத்தாக அவரே நடிக்கிறார். இத்தனைக்கும் நடுவில் பேச்சுக் காட்சிகளை நாள்தோறும் நடத்தியது ஆல்வி. சோட்டி பஹூ (மீனா குமாரி நடித்த அந்த ஜமீன் மருமகள்) தன் கணவனைத் தடுக்கும் பாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வசனக் காட்சிகளை அடுத்தடுத்துப் பாருங்கள். பாட்டில் கேமரா முகத்தை விடாமல் சுற்றுகிறது, வசனத்தில் கேமரா அடங்கி நின்று பேசவிடுகிறது. இரண்டு கை. ஒருவருக்கு முழுசாகத் தூக்கிக் கொடுத்தால் மற்றவருக்கு அநியாயம். ஆல்வி அதன் பிறகு வேறு படம் இயக்கவில்லை என்பதை வைத்து அவரைக் கழிப்பவர்கள் உண்டு. அவர் எழுத்தாளர், எழுத்துக்குத் திரும்பினார்.

ஜூன் 8, இரவு 10.20

"அப்படியானால் 1962க்குப் பிறகு?" நடித்தார். அதில் நம்ம ஊர் ஆட்கள் அதிகம் என்பது இந்தி எழுத்தில் வருவதே இல்லை. 1963 'பரோசா' இயக்கம் கே. சங்கர், 'பஹுராணி' டி. பிரகாஷ் ராவ். 1964 'சுஹாகன்' கே.எஸ். கோபாலகிருஷ்ணன், தன்னுடைய 'சாரதா'வையே இந்தியில் எடுத்தது. அந்தப் படங்களில் குரு தத் சம்பளத்துக்கு வந்த நடிகர், லென்ஸில் தலையிட்ட தடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

1964 அக்டோபர் 10 இறந்தபோது வயது 39. கையில் இருந்தவற்றில் 'பஹாரேன் ஃபிர் பீ ஆயேங்கி'யைத் தர்மேந்திராவைப் போட்டு முடித்து 1966இல் விட்டார்கள். கே. ஆஸிஃப்பின் 'லவ் அண்ட் காட்' சஞ்சீவ் குமாருக்குப் போய் 1986இல்தான் வெளிவந்தது.

ஜூன் 9, காலை 7.05

குறும்படத் தம்பிக்கு: 3 மில்லிமீட்டர் கண்ணாடி வாங்கிவிட்டேன் என்கிறீர்கள். திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் 2 அடித் துண்டுகளாக வெட்டி, பிளைவுட்டில் நாலையும் ஒட்டுங்கள். துண்டு சின்னதானால் குழிவு குறையும். ஆனால் நாலும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நாலு தூண் வரும்.